எடையா, வேகமா? இரு தோட்டாக்களின் கணக்கு

பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரி மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் காலத்தில், பச்சைமலை அடிவாரத்து ஊர்களில் விவசாயிகள் இரவில் உறங்குவதில்லை. கொல்லைகளில் தகரம் தட்டும் ஓசை விடியும் வரை கேட்கும். சற்றுக் கண் அயர்ந்தால் காட்டுப்பன்றிக் கூட்டம் நுழைந்து, தின்பது பாதி, மிதித்து அழிப்பது பாதி என்று செய்துவிட்டுப் போய்விடும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அதன்படி விவசாயி தாமாகப் பன்றியைச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தவற்றை வனத்துறையினர் சுடலாம் என்பது அதன் சாரம்.

இயக்க விதிகளை நடத்தி முடித்த ஒரு நாள், வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்தார். "சார், எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு பெரியவர்களுக்குள் சண்டை. பன்றிக்கு .315 தோட்டாதான் சரி, குண்டு கனமானது என்கிறார் ஒருவர். .30-06தான் சரி, வேகம் அதிகம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பௌதிகத்தின் துணைகொண்டு விடை காண்போம்.

இரண்டும் போர்க்களத்துப் பிள்ளைகள்

.315 என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் எண். மில்லிமீட்டரில் சொன்னால் 8. இதன் மூலம் 1890 வாக்கில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் மான்லிக்கர் துப்பாக்கிக்கு அமைந்த தோட்டா. இந்தியாவில் .303 இராணுவத்துக்கு உரியதாக இருந்ததால், உரிமம் பெற்ற பொதுமக்களிடையே .315 பரவியது. .30-06 அமெரிக்கப் படைக்காகப் பிறந்தது. .30 என்பது அங்குல அளவு. 06 என்பது 1906ஆம் ஆண்டு. இவ்விரு தோட்டாக்களுக்கும் உரிய வேட்டைத் துப்பாக்கிகளை மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை செய்து வந்திருக்கிறது.

.315 தோட்டாவின் குண்டு சுமார் 15.8 கிராம் எடையுள்ளது. குழல்வாயை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 620 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. .30-06இல் பல எடைகள் உண்டு. பரவலாக வழங்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: எடை 11.7 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 820 மீட்டர்.

உந்தமும் ஆற்றலும்

முதலில் உந்தத்தைப் பார்ப்போம். உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. .315க்கு 0.0158 × 620 = 9.8 அலகு. .30-06க்கு 0.0117 × 820 = 9.6 அலகு. இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிட்டன அல்லவா? ஒன்றில் எடை தந்ததை மற்றதில் வேகம் தந்துவிட்டது.

இயக்க ஆற்றலில் கதை மாறுகிறது. அங்கே திசைவேகத்தின் வர்க்கம் வருகிறது. .315க்குச் சுமார் 3040 ஜூல்; .30-06க்குச் சுமார் 3930 ஜூல். பின்னதற்கு ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுதி. உந்தம் சமமாயின், இலேசான பொருளுக்கே இயக்க ஆற்றல் அதிகம் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

சுடுபவர் தோளில் வலியோடு நிற்கிறாரேயன்றி வீழ்வதில்லை என்பதற்கும் இதுவே காரணம். குண்டு முன்னே பெறும் உந்தத்தைத் துப்பாக்கி பின்னே பெறுகிறது. துப்பாக்கியின் நிறை 3.5 கிலோ என்று கொள்வோம். அதன் பின்னோக்கிய வேகம் நொடிக்கு 2.8 மீட்டர், ஆற்றலோ வெறும் 14 ஜூல். வெடிமருந்தின் வாயுவும் சேர்வதால் உண்மையில் உதைப்பு இதனினும் கூடும். எனினும் குண்டின் ஆயிரக்கணக்கான ஜூலுக்கு முன் அது அற்பமே.

குண்டு பட்டவுடன் ஆள் பத்தடி பறந்து விழுவதைத் திரைப்படத்தில் பார்க்கிறோம். 70 கிலோ பன்றியின் உடலில் குண்டு தங்கிவிட்டாலும், அது பெறும் வேகம் நொடிக்கு 14 சென்டிமீட்டர்தான். தள்ளும் விசையால் விலங்கு வீழ்வதில்லை. இதயமும் நுரையீரலும் சிதைவதால்தான் வீழ்கிறது. குண்டு எங்கே படுகிறது என்பதே முதன்மை. தவறான இடத்தில் பட்டால், எந்தத் தோட்டாவாயினும் காயம்பட்ட பன்றி ஓடி மறைந்து துன்புறும். தேடிப் போவோரையும் தாக்கும்.

தொலைவு என்ன சொல்கிறது?

குழல்வாயை விட்ட கணமே குண்டு புவியீர்ப்பால் விழத் தொடங்குகிறது. காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 200 மீட்டர் தொலைவில் .315 குண்டு 51 சென்டிமீட்டரும், .30-06 குண்டு 29 சென்டிமீட்டரும் தாழ்ந்திருக்கும். பரந்த மலைச்சரிவில் சுடுபவருக்கு இது பெரிய வேறுபாடு. ஆனால் 50 மீட்டரில் முறையே 3.2, 1.8 சென்டிமீட்டர், வேறுபாடு விரல் அகலம்கூட இல்லை. ஆளுயர மக்காச்சோளத்தில், இரவில், 50 மீட்டருக்கு அப்பால் எதைத் தெளிவாகக் காண முடியும்? ஆகவே நம் கொல்லைக்கு இரு பெரியவர்களின் வழக்கும் சமன்.

குண்டு எங்கே போய் நிற்கும்?

டீக்கடையில் யாரும் கேட்காத கேள்வி இது. தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில், கிடைமட்டமாகச் சுட்ட குண்டு குறி தவறினால் தரையைத் தொட 0.53 நொடி ஆகும். அதற்குள் .315 குண்டு 330 மீட்டரும், .30-06 குண்டு 440 மீட்டரும் கடந்துவிடும். காற்றின் தடையால் இது ஓரளவு குறையும். அந்தத் தொலைவிற்குள் நம் ஊரில் என்னென்ன இருக்கும்? மோட்டார் கொட்டகை, களத்துமேடு, மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து இரவில் நீர் பாய்ச்ச வந்தவர்! துப்பாக்கி சற்றே மேல்நோக்கி இருந்தால் குண்டு கிலோமீட்டர் கணக்கில் செல்லும்.

தரையைத் தொட்டாலும் ஆபத்து தீர்வதில்லை. குண்டு தரையைச் சந்திக்கும் கோணம் 1 பாகைக்கும் குறைவு. குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகிறதே, அதுபோலத் தெறித்துச் செல்லும். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைத் தரையில் இந்த அச்சம் இன்னும் மிகுதி.

இதற்கு மாற்று, உயரம். 4 மீட்டர் உயரப் பரணிலிருந்து 40 மீட்டர் தொலைவில் சுட்டால், கோணம் சுமார் 6 பாகை. தவறிய குண்டு அருகிலேயே தரையில் இறங்கும். 20 மீட்டரில் சுட்டால் கோணம் 11 பாகை. உழுத மண்ணோ, பின்னால் ஓர் உயர்ந்த கரையோ இருந்தால் குண்டு அங்கேயே புதையும். பயிற்சி பெற்றவரிடம் மட்டும் இப்பணியை விடுவது ஏன் என்பதும் இப்போது விளங்கும்.

மாணவரிடம் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். "அப்படியானால் அந்தப் பெரியவர்களிடம் என்ன சொல்லட்டும், சார்?" என்றார். "எந்தத் தோட்டா என்பதைக் கடைசியில் பேசுவோம், குறி தவறினால் குண்டு எங்கே நிற்கும் என்பதை முதலில் சொல்லச் சொல்" என்றேன்.

வாசகர்களுக்கு ஒரு பயிற்சி: 6 மீட்டர் உயரப் பரணிலிருந்து 30 மீட்டர் தொலைவில் சுட்டால், குண்டு தரையைச் சந்திக்கும் கோணம் என்ன? கணக்கிட்டுப் பாருங்கள்.