நினைவு கூறும் சாட்சியம்

‘நான்’ என்று தன் கதையைச் சொல்பவரை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். இந்நம்பிக்கையைச் சோதித்த நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ. 1954-இல் நாகசாகியில் பிறந்து, ஐந்து வயதில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். மனத்திலிருந்த ஜப்பான் மங்கிமறையுமுன் அதனை எழுத்தில் காத்துவிடவேண்டுமென்று தவித்ததாக, 2017-இல் நிகழ்த்திய நோபெல் பரிசுப் பேருரையில் கூறினார். பிறந்த ஊரைவிட்டு வந்த நமக்கு அத்தவிப்புப் புதிதன்று.

1982-இல் வெளிவந்த அவரது முதல் நாவல் ‘எ பேல் வியூ ஆஃப் ஹில்ஸ்’. இங்கிலாந்தில் வாழும் எட்சுகோ என்னும் ஜப்பானிய மாது அதில் கதை சொல்கிறாள். அவளுடைய மூத்த மகள் கெய்கோ தற்கொலை செய்துகொண்டவள். தாயோ அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. முன்பு நாகசாகியில் பழகிய சச்சிகோ என்னும் தோழியைப் பற்றியே பேசுகிறாள். மகள் மரிகோவின் மனத்தைப் பாராமல் அமெரிக்கா செல்லத் துடித்தவள் அத்தோழி. அவ்விருவருடனும் ஒருநாள் மலைக்கு உல்லாசமாகச் சென்றதையும் எட்சுகோ விவரிக்கிறாள். நாவல் முடியும் தறுவாயில் அந்நாளை மீண்டும் குறிப்பிடுகையில், அன்று மகிழ்ந்திருந்தவள் கெய்கோ என்று சொல்லிவிடுகிறாள். அவள் கணக்குப்படியே கெய்கோ அப்போது வயிற்றிலிருந்த சிசு!

மாறியது ஒரு பெயர்தான். தோழியின் கதையென்று நாம் கேட்டது தாயின் சொந்தக் கதைதானோ என்று முன்பக்கங்களைப் புரட்டுகிறோம். ஆசிரியர் விடை கூறுவதில்லை. பொய்யள் என்று அவளைத் தள்ளவும் நமக்கு மனம் வரவில்லை. தன் துயரைப் பிறர்மேல் ஏற்றியன்றி அவளால் பேச இயலவில்லை போலும்.