ஹார்மோன் பக்கவிளைவு குறைந்த கருத்தடை முறைகள்

ஹார்மோன் பக்கவிளைவு குறைந்த கருத்தடை முறைகள் என்பவை, உடலின் ஹார்மோன் சுழற்சியில் தலையிடாமலோ, மிகக் குறைவாகத் தலையிட்டோ கருத்தரிப்பைத் தடுக்கும் வழிகளாகும். காப்பர் டி, ஆணுறை, இந்தியாவில் உருவான சாயா மாத்திரை, கருத்தடை அறுவை சிகிச்சை ஆகியன இவற்றுள் முக்கியமானவை.

பக்கவிளைவுகள் ஏன் தோன்றுகின்றன?

வழக்கமான கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்னும் இரண்டு ஹார்மோன்கள் உள்ளன. சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதை இவை நிறுத்துகின்றன. இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் செல்வதால் சிலருக்குக் குமட்டல், தலைவலி, மார்பில் வலி, இடையிடையே இரத்தக்கசிவு போன்றவை ஏற்படும். இவை பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் தணிந்துவிடும். 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென ஒப்புதல் பெற்ற எனோவிட் மாத்திரையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து இருந்தது. இந்திய அரசு இலவசமாக வழங்கும் மாலா-என் மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராம். மாத்திரையைப் பற்றி இன்றும் உலவும் அச்சங்கள் பல அந்தப் பழைய அளவின் மிச்சம்.

எனினும் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. முன்பு இரத்த உறைவு ஏற்பட்டவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்ணில் ஒளிக்கீற்றுத் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி உடையவர்கள், 35 வயதைக் கடந்த புகைபிடிப்பவர்கள் ஆகியோர் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடப்படும் அந்தரா ஊசியில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஆனால் மாதவிடாய் ஒழுங்கற்றுப் போதலும் எடை கூடுதலும் நேரலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாளே நிறுத்தலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

காப்பர் டி

கருப்பைக்குள் பொருத்தப்படும் இச்சிறு சாதனத்தில் ஹார்மோன் எதுவும் இல்லை. செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன. காப்பர் டி 380ஏ பத்து ஆண்டுகள் வரை பயன்தரும். இதைப் பொருத்திக்கொண்ட 100 பெண்களில் முதல் ஆண்டில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவே. எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் திறன் உடனே திரும்புகிறது.

ஆனால் ஹார்மோன் இல்லை என்பதற்காகத் தொல்லையே இல்லை என்று கொள்ளக்கூடாது. முதல் சில மாதங்களில் மாதவிடாய் இரத்தப்போக்கும் வயிற்று வலியும் கூடலாம். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஏற்கெனவே அதிகமாக இரத்தம் போகும் ஒருவருக்குக் காப்பர் டி அந்தக் குறையை மேலும் வளர்க்கக்கூடும். அவருக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பைச் சாதனமே நல்லதாக அமையலாம். அது மிகக் குறைந்த அளவு ஹார்மோனைப் பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே செலுத்தி, இரத்தப்போக்கையும் குறைக்கிறது. விலைதான் அதிகம்.

சாயா மாத்திரை

இதன் மருந்துப் பெயர் சென்ட்குரோமன். இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்த் தலைமையிலான குழு இதை உருவாக்கியது. 1991இல் சஹேலி என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பின்னர் சாயா என்ற பெயரில் அரசின் குடும்பநலத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டது.

இதை ஹார்மோன் இல்லாத மாத்திரை என்பர். அது சரியே, ஆயினும் ஈஸ்ட்ரோஜன் சென்று ஒட்டும் இடங்களில் இம்மருந்தும் ஒட்டியே வேலை செய்கிறது. முட்டை வெளிவருவதை நிறுத்தாமல், கரு பதியாதபடி கருப்பையின் உட்சுவரை மாற்றுகிறது. எனவே குமட்டல், எடை கூடுதல் போன்றவை அரிது. மாதவிடாய் தள்ளிப்போவதே பெரிய குறை. 15 நாட்களுக்கு மேல் தள்ளிப்போனால் கருவுற்றிருக்கிறதா எனப் பரிசோதிக்க வேண்டும். பாலூட்டும் தாய்மாரும் உட்கொள்ளலாம். சினைப்பை நீர்க்கட்டி, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று.

மாதவிடாயின் முதல் நாளில் தொடங்கி, முதல் மூன்று மாதங்கள் வாரத்திற்கு இரண்டு, அதன்பின் வாரத்திற்கு ஒன்று என உட்கொள்ள வேண்டும். தினமும் உண்ணும் மாத்திரையைவிட இது எளிது என்றாலும், கிழமை மறந்துபோவதும் எளிது. மறந்து ஏழு நாட்களுக்குள் என்றால் உடனே உட்கொண்டு, அடுத்த மாதவிடாய் வரை ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். ஏழு நாட்களைக் கடந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிற முறைகள்

ஆணுறையால் பெண்ணுடலில் எந்த மாற்றமும் இல்லை. பால்வினை நோய்களைத் தடுக்கும் கருத்தடை முறையும் இதுவே. ஆனால் நடைமுறைப் பயன்பாட்டில் ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 13 பேர் கருத்தரிக்கின்றனர். நாள் கணக்குப் பார்க்கும் முறை மாதவிடாய் ஒழுங்காக வருவோருக்கே ஓரளவு உதவும்.

குழந்தை போதும் என முடிவு செய்த தம்பதியருக்கு ஆணுக்கான கருத்தடை சிகிச்சை, பெண்ணுக்கானதைவிட எளியது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, ஆணின் ஹார்மோன் சுரப்பும் குறைவதில்லை. இருந்தும் மேற்கூறிய கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண் கருத்தடை சிகிச்சை 37.9 விழுக்காடு, ஆண் கருத்தடை சிகிச்சை 0.3 விழுக்காடு. சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முறையை மாற்றும்போது

பக்கவிளைவுக்கு அஞ்சி மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டு, மாற்று முறை எதையும் தொடங்காத இடைவெளியில்தான் எதிர்பாராத கருத்தரிப்புகள் பல நேர்கின்றன. மாற்று முறை தொடங்கும் வரை ஆணுறையாவது தேவை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மருந்துகள் ஆகியன வழக்கமான கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைப்பதால், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காப்பர் டி இம்மருந்துகளால் பாதிக்கப்படுவதில்லை.