கொள்ளை நோய்க் காலத்தில் ஊர் போகலாமா?

மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவரைக் கேட்டாலும், "எங்களுக்குப் பூர்வீகம் கும்பகோணம் பக்கம்" என்றோ, "திருநெல்வேலிச் சீமை" என்றோதான் சொல்வார். ரேஷன் கார்டு பட்டணத்தில் இருக்கும். மனத்தின் ஒரு மூலை மட்டும் ஊரிலேயே தங்கியிருக்கும். கல்யாணம் என்றால் ஊர், குலதெய்வம் என்றால் ஊர். ஆபத்து என்றாலும் ஊர்தான்.

2020-ஆம் வருஷம் அப்படி ஓர் ஆபத்து வந்தது. மார்ச் 24-ந் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலாயிற்று. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. அதற்கு முன்பே கோயம்பேடு பஸ் நிலையத்தில் ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் நெருக்கியடித்து நின்றார்கள். மாட வீதிகள் வெறிச்சோடின. கபாலீசுவரர் கோயிலில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. பங்குனியில் லட்சக்கணக்கானவர்கள் கூடும் அறுபத்துமூவர் விழா அந்த வருஷம் வழக்கம்போல் நடக்கவில்லை.

பஸ் நின்றது, ரயில் நின்றது. ஆனால் பலர் வீட்டு வாசலில் சொந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. "யாரோடும் ஒட்டாமல், உரசாமல், நம் வண்டியில் நாமே போய்விட்டால் என்ன?" என்ற யோசனை எழாத வீடு குறைவு. நியாயமான யோசனைதான். ஆனால் அதில் பாதிக் கேள்விக்குத்தான் பதில் இருக்கிறது. மீதிப் பாதியைச் சற்று பார்ப்போம்.

கூண்டு வண்டி முதல் கேரவன் வரை

வண்டியையே வீடாக்கிக்கொண்டு பிரயாணம் செய்வது நமக்குப் புதிதல்ல. மோட்டாரும் ரயிலும் வருவதற்கு முன் நம் முன்னோர்கள் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, அரிசி, பருப்பு, கூஜா, விறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுதான் யாத்திரை போனார்கள். மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டிச் சமையல்.

இன்று அதே ஏற்பாடு இயந்திரத்தோடு வந்திருக்கிறது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை அனைத்தும் அடங்கிய பெரிய மோட்டார் வண்டி. சென்னைவாசிகள் சினிமா ஷூட்டிங் நடக்கும் தெருக்களில் இதைப் பார்த்து 'கேரவன்' என்று சொல்லப் பழகிவிட்டார்கள். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது.

அமெரிக்காவில் கொள்ளை நோய்க்குப் பயந்து ஹோட்டலையும் விமானத்தையும் தவிர்த்தவர்கள் இந்த வண்டிகளைத் தேடி ஓடினார்கள். அங்கே 2020-ல் தொழிற்சாலைகளிலிருந்து விற்பனைக்கு அனுப்பப்பட்ட வீட்டு வண்டிகள் சுமார் 4,30,000. 2021-ல் அது சுமார் 6,00,000 ஆக உயர்ந்தது. வாடகைக்கு எடுத்தவர்கள் தனி.

அன்று ஓடியதும் இன்று ஓடுவதும்

பட்டணத்தை விட்டு ஓடுவதும் மயிலாப்பூருக்குப் பழக்கமானதுதான். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பீதியில் சென்னையே காலியாயிற்று. சர்க்கார் காரியாலயங்கள்கூட உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி. ஊருக்குப் போனவர்கள் மெள்ளத் திரும்பி வந்தார்கள்.

ஆனால் அந்த ஓட்டத்துக்கும் இந்த ஓட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. குண்டு பட்டணத்தில் விழும். செங்கற்பட்டைத் தாண்டியவன் தப்பித்தான். தொத்து நோய் அப்படிப்பட்டதல்ல. அது பிரயாணியோடு கூடவே டிக்கெட் இல்லாமல் வரும். கொரோனா உடம்பில் புகுந்த பிறகு குறி தெரிய சாதாரணமாக ஐந்தாறு நாட்கள் ஆகும். சிலருக்கு 14 நாட்கள் வரை ஆகலாம். குறி தெரிவதற்கு முன்பே மற்றவர்களுக்கு அது பரவும். "எனக்கு ஜுரம் இல்லையே" என்று சொல்லிப் புறப்படுகிறவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது.

இதை 2020 மே மாதம் கோயம்பேடு காட்டிற்று. காய்கறி மார்க்கெட்டில் நோய் பரவியது தெரிந்து, மே 5-ந் தேதி மார்க்கெட் மூடப்பட்டது. அதற்குள் அங்கே கூலி வேலை செய்தவர்கள் கிடைத்த வண்டியில் சொந்த ஊர் திரும்பியிருந்தார்கள். சில நாட்களில் அரியலூர், கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களில் நோயாளிகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அவர்கள் மீது குற்றம் சொல்ல முடியாது. வேலை போயிற்று, சாப்பாடு போயிற்று, ஊருக்குப் போனார்கள். ஆனால் சொந்தக் காரில் போனாலும் லாரியில் போனாலும் நோயின் கணக்கு ஒன்றுதான்.

பாஸ் கிடைத்தால் போதுமா?

பிரயாணத்துக்குச் சர்க்கார் சீட்டுக் கேட்பதும் பழைய கதை. 1896-ல் பம்பாயில் பிளேக் தோன்றியது. 1897-ல் கொள்ளை நோய்ச் சட்டம் வந்தது. 2020-ல் எடுத்து உபயோகித்ததும் அதே சட்டம்தான். அந்நாளில் பிளேக் கண்ட பிரதேசங்களிலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்தவர்களுக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாட்கள் தினமும் அதிகாரி முன் ஆஜராகித் தேக நிலையைக் காட்ட வேண்டும்.

2020-ல் அதன் பேத்தியாக வந்தது இ-பாஸ். கல்யாணம், மரணம், அவசர வைத்தியம் ஆகியவற்றுக்கே முதலில் கொடுக்கப்பட்டது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னைக்கும் சுற்றுப்புறத்துக்கும் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், பரனூர் சுங்கச் சாவடியில் கார்கள் வரிசை கட்டின. ஆகஸ்டு 17 முதல் விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் பாஸ் என்றானது. செப்டம்பர் 1-ந் தேதி ஜில்லா விட்டு ஜில்லா போகப் பாஸே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

பாஸ் கிடைப்பதா இல்லையா என்பதிலேயே எல்லாருடைய கவனமும் இருந்தது. ஆனால் போகலாம் என்று சர்க்கார் அனுமதிப்பது வேறு. போவது உசிதமா என்பது வேறு. இரண்டாவதை நாமேதான் தீர்மானிக்க வேண்டும்.

அந்தக் கோடியில் யார்?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மந்தைவெளியில் மகன், கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பெற்றோர். டெலிபோனில் பேச்சு நடக்கிறது.

"அப்பா, நாளைக்குக் கிளம்பி வந்துடறோம். நம்ம கார்தான். வழியில எங்கேயும் இறங்கப் போறதில்லை. கட்டுச்சாதம் எடுத்துக்கறோம்."

"தாராளமா வாடா. ஆனா அம்மாவுக்குச் சர்க்கரை, எனக்கு இழுப்பு. வந்து ரெண்டு வாரம் மாடியிலேயே தனியா இருப்பீங்களா?"

"குழந்தை பாட்டியை விட்டு இருக்கமாட்டானேப்பா."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

தகப்பனார் கேட்டதே சரியான கேள்வி. மகன் வழியைப் பற்றி யோசித்தான்; அவர் வாசலைப் பற்றி யோசித்தார். சொந்த வண்டி உள்ளே இருப்பவரை வழியில் காக்கும். போய் இறங்கும் வீட்டில் இருப்பவரை அது காக்காது.

வீடு மட்டுமல்ல, ஊரும் இருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் மோவாப் என்று ஒரு சிற்றூர். அழகான பாறைகளைப் பார்க்க வீட்டு வண்டிகள் குவியும் இடம். அங்குள்ள ஆஸ்பத்திரியில் 17 படுக்கைகள்தான். 2020 மார்ச்சில், வெளியூரார் முகாம் போட்டுத் தங்கக் கூடாது என்று சுகாதார அதிகாரிகள் தடை போட்டார்கள். பிழைப்பே சுற்றுலாதான், இருந்தும் தடுத்தார்கள். வந்தவர் படுத்துவிட்டால் உள்ளூராருக்குப் படுக்கை ஏது என்பதே கவலை. நம் கிராமங்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். பட்டணத்தான் மூச்சுத் திணறி விழுந்தால், ஆக்ஸிஜன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு எத்தனை மைல் போகவேண்டும்?

வண்டி ஒரு திண்ணை

அப்படியானால் வீட்டு வண்டியால் பயனே இல்லையா? உண்டு. அதன் உண்மையான உபயோகம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு தெரியும்.

பழைய வீடுகளில் திண்ணை எதற்கு? வழிப்போக்கன் படுத்துக்கொள்ள. அவனுக்குத் தண்ணீரும் சோறும் உண்டு. உள்கட்டுக்குள் மட்டும் அனுமதி இல்லை. கேரவன் வைத்திருப்பவர் தம் திண்ணையைத் தாமே எடுத்துக்கொண்டு போகிறார். தோட்டத்து ஓரத்தில் நிறுத்திவிட்டு, நாட்கள் கழியும்வரை அதிலேயே படுக்கலாம், சமைக்கலாம். பெற்றோரைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கலாம். அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் லட்ச லட்சமாய்க் கொட்டி வாங்கிய வண்டியும் சாதாரண டாக்ஸியும் ஒன்றே.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நோய்க்குப் பயந்து ஜன்னல்களை அடைத்துக்கொள்ளக் கூடாது. காற்றில் மிதக்கும் கிருமி, அடைத்த வண்டியில்தான் தங்கும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் வெளியேறும். ஜெனரேட்டர் புகையோ அதைவிடக் கொடிது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு வாயுவே காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. வாசனையில்லாத விஷம் அது.

புறப்படுமுன் ஐந்து கேள்விகள்

கொரோனா அவசர நிலை முடிந்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாதம் அறிவித்துவிட்டது. ஆனால் இன்னொரு கொள்ளை நோய் வராது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. 1918-ல் வந்த விஷ ஜுரம் ரயில் ஏறி ஊர் ஊராகப் பரவி, இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. ஆகவே இந்தக் கேள்விகளைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

1. இப்போதே போயாக வேண்டுமா? சாவு, பிரசவம், கவனிக்க ஆளில்லாத முதியவர் என்றால் போகத்தான் வேண்டும். பட்டணம் சலித்துவிட்டது என்பது காரணமாகாது.

2. அந்த வீட்டில் வயதானவர், நோயாளி, கர்ப்பிணி உண்டா? அவர்களைக் கேட்டீர்களா?

3. போய்ச் சேர்ந்ததும் தனியே இருக்க அறையோ வண்டியோ உண்டா? குழந்தைகளும் கட்டுப்படுவார்களா?

4. அங்கே ஒருவர் படுத்தால் சிகிச்சைக்கு வசதி எவ்வளவு தூரத்தில்?

5. நடுவழியில் தடை போட்டுவிட்டால் திரும்பி வரப் பெட்ரோலும் சாப்பாடும் கையில் உண்டா?

ஐந்துக்கும் திருப்தியான பதில் இருந்தால் நல்ல வேளை பார்த்துப் புறப்படலாம். ஒன்றில் இடறினாலும், தினம் ஒரு முறை டெலிபோன் செய்து, "சாப்பிட்டாச்சா, மருந்து போட்டுக்கொண்டாயா" என்று விசாரித்துக்கொண்டு பட்டணத்திலேயே இருந்துவிடலாம். ஊர் எங்கும் ஓடிப்போகாது. அங்கே இருக்கிற பெரியவர்களும் பத்திரமாக இருக்க வேண்டும், அதுதானே வேண்டியது?