முயலகனும் மறதியும்



நாமக்கல் சமவெளியில் நின்று கிழக்கே நோக்கினால், நீலத் திரை விரித்தாற்போலத் தோன்றுவது கொல்லிமலை. அம்மலையின் பெயரைத் தன் பெயரோடு தாங்கிய கொல்லி மழவன் என்னும் தலைவனைப் பற்றிச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார். அவனுடைய அருமை மகளை முயலகன் என்னும் நோய் பற்றியது. கலங்கிய தந்தை, திருச்சிராப்பள்ளிக்கு அருகில் இன்று திருவாசி என வழங்கும் திருத்தலத்தில், இறைவன் திருமுன்னே மகளைக் கிடத்திவிட்டான். அங்கே எழுந்தருளிய திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அப்பெண் நோய் நீங்கி எழுந்தாள் என்பது புராண வரலாறு.

முயலகன் என்பது வலிப்பு நோய்க்கு வழங்கிய பழம்பெயர். ஆடவல்லான் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறளுருவின் பெயரும் அதுவே. வடமொழியாளர் அவ்வுருவத்தையும் அந்நோயையும் அபஸ்மாரம் என்பர். நினைவு நீங்குதல் என்பது அச்சொல்லின் பொருள். நோயின் பெயரிலேயே மறதி குடியிருக்கிறது, பார்த்தீர்களா? வலிப்பு நோயோடு வாழ்பவர்க்கு ஏன் மறதி உண்டாகிறது, அதனோடு அவர் எவ்வாறு வாழலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதைப் பேச எனக்கு ஒரு கடன் உண்டு. 1997ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். மாலையில் பிழையின்றி ஒப்பித்த பாடம், மறுநாட்காலையில் அவனுக்கு முற்றும் புதிதாக இருக்கும். அதைச் சோம்பல் என்று எண்ணினேன். பலமுறை வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். நினைவாற்றலைப் பற்றி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் தேர்வெழுதித் தேறியவன் நான் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஒருநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. கிணற்று மேட்டில் வலிப்புக் கண்டு விழுந்தான் என்றும், தந்தை அருகில் நின்று பிடித்துக்கொண்டமையால் உயிர் தப்பினான் என்றும் கூறினர். மருத்துவமனைக்குச் சென்று பார்த்தேன். தலையைத் தாழ்த்திக்கொண்டு அவன் சொன்னான்: "மாத்திரை தின்னா மறந்து போவுதுங்க ஐயா. மறந்தா வெளியில நிக்கோணும். அதனாலதான் விட்டுட்டனுங்க." அன்றாட மாத்திரையைச் சில நாட்களாகக் குச்சிக்கிழங்குக் காட்டில் வீசியிருக்கிறான்! நான் அளித்த தண்டனை அவனைக் கிணற்றின் விளிம்பிற்கே கொண்டு சென்றது.

அவன் கூறியதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் அது முழு உண்மையன்று. அந்த வேறுபாட்டை அன்றே எவரேனும் அவனுக்கு விளக்கியிருக்க வேண்டும்.

நம் நினைவின் செயலை மூன்றாகப் பகுக்கலாம். கேட்டதும் கண்டதும் மனத்திற் பதிதல் முதலாவது. பதிந்தது நிலைத்தல் இரண்டாவது. வேண்டும்போது மீட்டல் மூன்றாவது. விளைந்ததைக் களத்திலிருந்து கொண்டுவருதல், குதிரில் இட்டு வைத்தல், வேண்டும்போது அள்ளுதல் என்பவற்றைப் போன்றவை இவை. எந்த இடத்தில் தடை நேரினும் நாம் அதனை மறதி என்றே சொல்லிவிடுகிறோம்.

மூளையின் உயிரணுக்கள் மெல்லிய மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன. அவற்றுட் பல ஒரே நேரத்தில் கட்டுமீறித் துடிப்பதே வலிப்பு. எல்லா வலிப்பும் கீழே தள்ளி உடலை உதறுவதில்லை. சில பிள்ளைகள் சில நொடிகள் விழித்தபடியே நினைவிழந்திருந்து, பின்பு ஒன்றும் நேராததுபோலத் தொடர்வர். ஆசிரியர் அதனைப் பராக்குப் பார்த்தல் என்று எண்ணுவார். அந்நொடிகளிற் சொல்லப்பட்ட பாடம் மனத்திற் பதிவதேயில்லை. களத்திலிருந்தே வாராத நெல்லைக் குதிரில் தேடி என்ன பயன்?

இனி நிலைத்தலைக் காண்போம். காதிற்கு அண்மையில், மூளையின் பக்க மடலுக்குள் கடற்குதிரை வடிவில் ஓர் உறுப்பு உண்டு. புதிய நினைவுகள் நிலைபெறுவதற்கு இன்றியமையாதது அது. வலிப்புப் பலருக்கு அப்பகுதியிலேயே தோன்றுகிறது. அவர்க்கு நேற்றைய செய்தி நழுவுவதில் வியப்பில்லை. இரவில் வரும் வலிப்பு உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கத்திலேதான் பகலிற் கற்றது உறுதிப்படுகிறது. நோயினால் வரும் கவலையும் மனச்சோர்வும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

கடைசியில் வருவது மருந்து. 1857இல் புரோமைடு உப்பும், 1912இல் பினோபார்பிட்டோனும், 1938இல் பெனிட்டாயினும் வலிப்பிற்கு மருந்தாக அறியப்பட்டன. அதன்பின் பல புதிய மருந்துகள் வந்துள்ளன. கட்டுமீறிய துடிப்பை அடக்கும் இம்மருந்துகளுட் சில, சிந்தனையின் விரைவையும் சிறிது தளர்த்தக்கூடும். பினோபார்பிட்டோன் மந்தத்தைத் தரலாம். டோபிராமேட் உண்பவர் சிலர், தெரிந்த சொல்லே நாவில் வாராமல் தடுமாறுவர். அளவு மிகும்போதும், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேரும்போதும் இக்குறை பெருகலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ படிப்படியாக மாற்றித் தருவார். தாமே திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஊறு விளையலாம். வலிப்பு அடங்காமல் தொடர்ந்தால் நினைவும் மேலும் கெடும். மறதிக்கு அஞ்சி மருந்தை எறிவது, ஓட்டை உடைசலுக்கு அஞ்சிக் கூரையையே பிரிப்பதற்கு ஒப்பாகும்.

நினைவு ஒரே பொருள் அன்று, பலவகைப்பட்டது என்பதை உலகிற்கு உணர்த்தியவரும் வலிப்பு நோயாளர் ஒருவரே. வேலூரில் 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவரும் டாக்டர் பல்தேவ் சிங்கும் 1952இல் அங்கே வலிப்பிற்கான அறுவையைச் செய்தனர். கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் பயின்றவர் சாண்டி. அதே நிலையத்தில் பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் நினைவை ஆராய்ந்து வந்தார். அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவர்க்கு, 1953இல் வலிப்பை அடக்கும் பொருட்டு, மூளையின் இருபுறத்துக் கடற்குதிரைப் பகுதியிலும் பெரும்பங்கை நீக்கிவிட்டனர். வலிப்புக் குறைந்தது. ஆனால் அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் நிலைக்கவில்லை.

மில்னர் அவரிடம் ஒரு சோதனை செய்தார். கண்ணாடியிற் தெரியும் நிழலை மட்டும் பார்த்து விண்மீன் வடிவைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். நாள்தோறும் மொலேசனின் கை திருந்திக்கொண்டே வந்தது. ஆயினும் முன்பு அதனைச் செய்ததாகவே அவர்க்கு நினைவில்லை! மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை. செய்திகளைக் காக்கும் நினைவு வேறு, பழக்கத்தைக் காக்கும் நினைவு வேறு என்பது இதனால் விளங்கிற்று. 2008இல் அவர் மறைந்த பின்னரே அவருடைய முழுப்பெயர் உலகிற்குத் தெரிந்தது. இத்தகைய பேரிழப்பு வலிப்பு நோயாளர் எல்லார்க்கும் வருவதன்று. ஆனால் அவர் தந்த பாடம் எல்லார்க்கும் உரியது: செய்திநினைவு தளரும் இடத்தில் பழக்கத்தைத் துணைக்கு அழைக்கலாம்.

என் மாணவனின் பாட்டி இந்த ஆராய்ச்சியை அறியாதவர். ஆனால் பேரன் நலம்பெற்று வந்ததும் அவர் ஒரு வழி கண்டார். நம் ஊர்ப்பக்கம் முட்டை அடுக்கும் அட்டையில் 30 குழிகள் உண்டு அல்லவா? ஒரு மாதத்து மாத்திரைகளை உறையோடு நறுக்கி, நாளொன்றிற்கு ஒரு குழியாக இட்டுச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். குழி வெறுமையானால் மாத்திரை உண்டாயிற்று. நிறைந்திருந்தால் இன்னும் உண்ணவில்லை. மறந்து விடுவதும், மறந்துபோய் இருமுறை உண்பதும் ஒருசேர நீங்கின.

மற்ற வழிகளும் இவ்வளவு எளியனவே. குறிப்பேடு ஒன்றே இருத்தல் வேண்டும். பலவானால் ஏட்டையே தேட நேரும். சாவி, கண்ணாடி, புத்தகப்பை முதலியன எப்போதும் ஓரிடத்திலேயே இருக்கட்டும். மாத்திரையைப் பல் துலக்குதல், இரவுணவு போன்ற மாறாத செயலோடு இணைத்துவிடுங்கள். பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, புத்தகத்தை மூடிவைத்து உங்களை நீங்களே வினவுங்கள். ஓரிரு நாள் விட்டு மீண்டும் வினவுங்கள். தேர்வுக் காலத்திலும் உறக்கத்தைக் குறைக்காதீர்கள். உறக்கக் குறைவு நினைவைக் கெடுப்பதோடு வலிப்பையும் தூண்டும். கிணற்றில் தனியே இறங்காதீர்கள். வண்டி ஓட்டும் ஆசை, லாரிகள் மிகுந்த நம் பகுதியில் பிள்ளைகளுக்கு இயல்பே. எனினும் மருத்துவரையும் சட்டத்தையும் மீறி அதில் இறங்கலாகாது.

வகுப்புத் தோழர்களுக்கும் ஒரு கடமை உண்டு. விடுபட்ட வரிகளை உங்கள் ஏட்டிலிருந்து எழுதிக்கொள்ளத் தாருங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் இடாதீர்கள். ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதேனும் வைத்து, நேரத்தைக் கவனியுங்கள். 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108க்குத் தெரிவியுங்கள். தெளிந்தபின் சிறிது நேரம் அவர்க்கு ஒன்றும் நினைவிராது. அப்போது கேள்வி கேட்டுத் துன்புறுத்தாமல் அருகில் இருங்கள்.

மறைத்து வைப்பதுதான் இந்நோயின் பெருந்துன்பம். திருமணத்திற்குத் தடையாகும் என்று அஞ்சி மறைத்தவர் பலர். 1976இல் இந்துத் திருமணச் சட்டத்திற் புகுந்த 'வலிப்பு' என்னும் சொல்லை 1999இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சட்டத்திலிருந்து நீங்கியது நம் நெஞ்சிலிருந்தும் நீங்க வேண்டாவா? உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்கின்றனர். முறையான மருத்துவம் பெற்றால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

அந்த மாணவன் இன்று ஒரு ஜவ்வரிசி ஆலையிற் கணக்கு எழுதுகிறார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். "நான் மறந்தாலும் இது மறக்காதுங்க ஐயா" என்று சிரித்துக்கொண்டே காட்டினார்.

சிவாலயத்திற்குச் சென்றால் ஆடவல்லான் திருவடியின் கீழ் நோக்குங்கள். முயலகன் அங்கே மடிந்து கிடக்கவில்லை. தலையைத் தூக்கியபடி உயிரோடு இருக்கிறான். ஊன்றிய திருவடியே அவனை அடக்கி வைத்திருக்கிறது. நாள்தோறும் தவறாது உண்ணும் மருந்தும் அத்தகைய ஊன்றிய அடியே. அதனை எடுத்துவிடாதீர்கள். உங்கள் வகுப்பில் எவனேனும் நேற்றுப் படித்ததை இன்று மறந்து நின்றால், அவனை வெளியே நிறுத்துவதற்கு முன், ஏன் மறந்தான் என்று ஒருமுறை கேளுங்கள். நான் அன்று கேட்கத் தவறிய கேள்வி அது.