ஏடிவி முன்சக்கரம் ஆடுகிறதா? ஆர்மை மாற்றும் முன் புஷ்ஷைப் பாருங்கள்

ஜொகூரில் செம்பனை போட்டிருக்கும் சிறு தோட்டக்காரர்களிடம் ஏடிவி எனப்படும் நான்கு சக்கர மோட்டார் வைத்திருப்பவர்கள் உண்டு. குலைகளையும் உதிரிப் பழச் சாக்குகளையும் உரமூட்டைகளையும் சேற்றுப் பாதையில் கொண்டு செல்ல அது கைகொடுக்கிறது. கையில் இருக்கும் பணத்திற்கு ஏற்ப, சீனாவில் தயாரான 110, 125, 150 சிசி மலிவு வண்டிகளையோ கைமாறி வந்த பழைய வண்டிகளையோ வாங்குகிறார்கள்.

இப்படிப்பட்ட வண்டி கொஞ்ச காலம் ஓடியதும் வரும் தொல்லை ஒன்று உண்டு. ஹேண்டல் நேராக இருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம் போடும். பிரேக் பிடித்தால் சக்கரம் திரும்பப் பார்க்கும். பட்டறையில் காட்டினால், "ஆர்ம் போயிடுச்சு, செட்டா மாத்தணும்" என்ற பதில் வரலாம். மலிவு வண்டிகளில் பல, ஒரே அமைப்பில் வெவ்வேறு பெயர்களில் வந்தவை. அந்தப் பெயரில் உதிரிப்பாகம் தேடினால் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாவதில்லை.

ஆனால் பல நேரங்களில் தேய்ந்திருப்பது ஆர்ம் அல்ல. அதற்குள் இருக்கும் விரல் நீளச் சிறு பாகமான புஷ்தான். அதை மட்டும் மாற்றினால் செலவு பெரிதும் குறையும்.

புஷ் செய்யும் வேலை என்ன?

முன்சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கைதான் ஆர்ம். சக்கரம் மேடு ஏறும்போது அது மேலும் கீழும் அசைய வேண்டும். அசையும் இடத்தில் ஒரு குழாய் இருக்கும். அதற்குள் புஷ், புஷ்ஷுக்குள் ஓர் இரும்பு உள்குழாய், அதற்குள் போல்ட். இரும்போடு இரும்பு உரசாமல் காப்பதும் சக்கரத்தை நேராகப் பிடித்து வைப்பதும் புஷ்ஷின் வேலை. பின்பக்க ஆர்மிலும் இதே அமைப்புதான். அங்கே புஷ் தேய்ந்தால் செயின் கழன்று விழத் தொடங்கும். கப்சாய் மோட்டாரின் பின் ஆர்ம் தேய்ந்தாலும் இதே ஆட்டம் தெரியும்.

புஷ்ஷில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரப்பர். அது உள்குழாயோடு ஒட்டியிருக்கும். ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். இன்னொன்று நைலான் போன்ற கெட்டி பிளாஸ்டிக். இது உள்குழாயைச் சுற்றிச் சுழலும். உங்கள் வண்டியில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். பழுதுபார்க்கும் முறை அதைப் பொறுத்தது.

சோதிப்பது எப்படி?

சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜேக்கில் தூக்குங்கள். சட்டத்துக்கு அடியில் உறுதியான முட்டு கொடுக்காமல் கையை உள்ளே விடாதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அப்போது இன்னொருவர் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஆட்டம் அங்கே தெரிந்தால் புஷ். சக்கரத்தின் நடுவில் தெரிந்தால் பேரிங். ஆர்மின் வெளிமுனையில் தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது கிங்பின். இடவலமாக ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் ஸ்டியரிங் கம்பியின் முனைகளைப் பாருங்கள். இதைச் செய்யாமல் புஷ் மாற்றினால் பணம் போகும், ஆட்டம் போகாது.

ஏன் சீக்கிரம் தேய்கிறது?

முதல் காரணம் சேறு. ஆண்டு இறுதி மழைக்காலத்தில் ஜொகூரின் தோட்டப் பாதைகள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. செம்மண் நீர் புஷ்ஷுக்குள் புகுந்து காய்ந்தால் மணல்தாள் போல அரைக்கும்.

இரண்டாவது சுமை. முதிர்ந்த மரத்தின் ஒரு குலையே 20 கிலோவைத் தாண்டலாம். பத்துக் குலை ஏற்றினால் 200 கிலோ. சிறிய ஏடிவி அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: டயர் காற்று. ஏடிவி டயர் மோட்டார் டயர் போன்றதல்ல. அதற்குப் பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐ காற்று போதும். சரியான அளவை வண்டியின் லேபிளிலோ கையேட்டிலோ பாருங்கள். 1970இல் ஹோண்டா விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மூன்று சக்கர ஏடிவியில் சஸ்பென்ஷனே கிடையாது. காற்று குறைந்த கொழுத்த டயரே அதிர்ச்சியைத் தாங்கியது. பெட்ரோல் நிலையத்தில் 20, 25 பிஎஸ்ஐ அடித்தால் டயர் கல்லாகி, ஒவ்வொரு குலுக்கலும் நேராகப் புஷ்ஷில் இறங்கும்.

குறைந்த செலவில் பழுது பார்ப்பது

போல்ட்டைக் கழற்றி ஆர்மை வெளியே எடுங்கள். பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்துக் குழாயை நசுக்க வேண்டாம். நீளமான ஒரு போல்ட், சில வாஷர், இரண்டு சாக்கெட் போதும். புஷ்ஷைவிடச் சற்றே சிறிய சாக்கெட் ஒரு பக்கம், புஷ் உள்ளே போகும் அளவு பெரிய சாக்கெட் மறுபக்கம். நட்டை முறுக்க முறுக்கப் புஷ் வெளியே வரும். புதியதை ஏற்றவும் இதே முறைதான். ரப்பரைத் தீ வைத்து எரித்து எடுக்காதீர்கள். புகை உடலுக்குக் கெடுதல். பெயின்ட் உரிந்து இரும்பு துருவேறும்.

பிறகு நான்கு அளவுகளை எடுங்கள்: ஆர்ம் குழாயின் உள்விட்டம், அதன் நீளம், போல்ட்டின் தடிமன், சட்டத்தின் இரு காதுகளுக்கு இடையிலான இடைவெளி. இந்த அளவோடு போனால் வண்டியின் பெயர் தேவையில்லை. மோட்டார் உதிரிப்பாகக் கடையில் பொருந்தும் புஷ் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் லேத்துப் பட்டறையில் கடைந்து தருவார்கள்.

கடைவதற்கு நைலான் மலிவு, ஆனால் அது நீரை உறிஞ்சிச் சற்றுப் பெருக்கும். நம் ஊர் ஈரத்திற்கு, டெல்ரின் என்று சொல்லப்படும் அசிட்டல் பிளாஸ்டிக் மேல். நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். வெண்கலப் புஷ்ஷும் நன்றாக உழைக்கும், ஆனால் தவறாமல் கிரீஸ் வேண்டும். பட்டறைக்கு ஆர்மையும் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் புஷ்ஷைக் குழாய்க்குள் அழுத்தியதும் அதன் துளை சற்றுச் சுருங்கும். ஏற்றிய பிறகே துளையின் கடைசி அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இந்த வேலையில் பலர் கோட்டை விடுவது உள்குழாயின் நீளத்தில்தான். போல்ட்டை இறுக்கும்போது சட்டத்தின் காதுகள் உள்குழாயைத்தான் பிடிக்க வேண்டும், புஷ்ஷை அல்ல. அதனால் உள்குழாய் புஷ்ஷைவிட 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் நீளமாக இருக்கட்டும். குட்டையாக இருந்தால் காதுகள் புஷ்ஷை நெருக்கும், ஆர்ம் இறுகிக்கொள்ளும், புதுப் புஷ் சீக்கிரமே பழையதாகும். ஷாக் அப்சார்பரை மாட்டும் முன் போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் அல்லது வெண்கலப் புஷ் என்றால், தூக்கிவிட்ட ஆர்ம் தன் எடையில் மெல்ல இறங்க வேண்டும்; பக்கவாட்டில் ஆடக்கூடாது.

பிளாஸ்டிக் புஷ்ஷுக்கு நீர் தாங்கும் கிரீஸ் தடவுங்கள். ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் வேண்டாம். சோப்பு நீர் தடவி ஏற்றினால் போதும். பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறிப் பெருத்துவிடும். டீசலாலும் பெட்ரோலாலும் வண்டி கழுவுவது ரப்பர் புஷ்ஷுக்கு எமன். ரப்பர் வகையில் இன்னொன்று: வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் விழுந்த பிறகே போல்ட்டைக் கடைசியாக இறுக்குங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழிந்துவிடும்.

இங்கே சிக்கனம் வேண்டாம்

போல்ட்டில் விரலுக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் தூக்கிப் போடுங்கள். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டையும் புதிய லாக் நட்டையும் போடுங்கள். சட்டத்தின் துளை முட்டை வடிவமாகியிருந்தால் புது புஷ் உதவாது. தடித்த வாஷரைச் சரியான இடத்தில் வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆர்மில் விரிசல் இருந்தால் அந்த ஆர்மை மாற்றத்தான் வேண்டும்.

மைலோ டின்னை வெட்டிச் சுற்றுவது, பழைய டியூப் ரப்பரைத் திணிப்பது எல்லாம் காட்டிலிருந்து வீடு வந்து சேர மட்டுமே. அதோடு மறுநாள் சுமை ஏற்றாதீர்கள். மண்வரம்பின் சரிவிலும் கால்வாய் ஓரத்திலும் முன்சக்கரம் சட்டென்று திரும்பினால் வண்டி கவிழும். 200 கிலோ, 300 கிலோ வண்டி மேலே விழுந்தால் தனியாக இருப்பவர் எழ முடியாது.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் சாவியைக் கேட்பார்கள். பெரியவர்களுக்கான ஏடிவி 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியதல்ல என்பது அமெரிக்காவில் வண்டியிலேயே ஒட்டப்படும் எச்சரிக்கை. நம் வீட்டுக்கும் அந்த விதி நல்லது. பழுது சரியானதா என்று பார்க்கப் பொதுச் சாலையில் ஓட்டவும் வேண்டாம். மலேசியச் சாலைகளில் ஏடிவிக்கு அனுமதி இல்லை. தோட்டத்துச் சமதரையில் சுமையின்றி மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு நாள் ஓடியதும் போல்ட்டை மறுபடி ஸ்பானா வைத்துப் பாருங்கள். அதன் பின் மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி, சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தால் போதும். பத்து நிமிட வேலைதான்.