மலைப்பாதையில் மட்டக்குதிரை: ஏற்றத்தினும் இறக்கமே கொடிது

பழனி மலைகளில் பொதி சுமக்கும் மட்டக்குதிரையின் வரலாறு, அங்கு வண்டிப் பாதை ஏற்படாத காலத்திலேயே தொடங்குகிறது. 1845-ம் வருஷத்தில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கோடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அக்காலத்தில் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து மேலேறிய வழி வெறும் மலைத்தடமே. அவ்வழியே கூலியாட்கள் தலைச்சுமையாகவும், மட்டக்குதிரைகள் முதுகுச்சுமையாகவும் சாமான்களைக் கொண்டு சேர்த்தனர். 1875-ல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அதையொட்டி மேஜர் லா என்பவர் வகுக்கத் தொடங்கிய மலைச்சாலை நெடுங்காலம் தடைப்பட்டுக் கிடந்து, 1916-ம் வருஷத்தையொட்டியே மோட்டார்ப் போக்குவரத்துக்குப் பயன்பட்டது.

மோட்டார் வந்தபின் குதிரைக்கு வேலையில்லை என்று எண்ணினோர் பலர். எனினும் சாலை மலையின் எல்லாத் தோட்டங்களையும் சென்றடைவதில்லை. கும்பக்கரைக்கு மேலேயுள்ள வெள்ளகவி போன்ற ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் குதிரைகளையே நம்பி அரிசியும் உப்பும் ஏற்றி வாழ்ந்தவை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்மலைப் பகுதிகளிலும், திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையிலும், சரிவிலுள்ள தோட்டத்திலிருந்து லாரி நிற்குமிடம் வரை காப்பியும் மலைவாழையும் மிளகும் குதிரை முதுகில் வருவதைக் காணலாம். விருப்பாட்சி, சிறுமலை வாழைகள் 2008-ல் புவிசார் குறியீடு பெற்றுப் புகழடைந்தன. அப்புகழ் பெற்ற குலைகளைப் பழுதின்றி இறக்கிக் கொடுக்கும் பிராணியைப் பற்றிப் பேசுவோர்தான் அரிது. நாட்டில் குதிரை, மட்டக்குதிரைகளின் தொகை குறைந்துகொண்டே வருகிறது. 2012-ல் ஆறேகால் லட்சமாக இருந்தது, 2019-ம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்று லட்சத்து நாற்பதினாயிரமாயிற்று. ஆகையால் கையிலுள்ள குதிரையைக் கெடுத்துக்கொண்டால் அதற்கு ஈடு தேடுவது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிறது.

சென்ற சில வருஷங்களில் நான் பார்வையிட்ட கொட்டில்களில், வேலைக்கு உதவாமல் நின்ற குதிரைகளுள் பெரும்பாலானவை வியாதியால் நின்றவையல்ல. முதுகுப் புண்ணாலும் குளம்புக் கேட்டாலும் நின்றவையே அதிகம். அவ்விரண்டும் மலையிறக்கத்தில் விளைபவை. ஏறும்போது குதிரை இளைக்கும். அரைமணி நேரம் நிறுத்தினால் இளைப்பு ஆறிவிடும். இறங்கும்போது ஏற்படும் சேதமோ அன்று கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் சேணத்தை எடுக்கும்போதுதான் தெரியும்.

இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். சமநிலத்தில் நிற்கும் குதிரையின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. சரிவில் இறங்கும்போது அப்பங்கு இன்னும் கூடுகிறது. பொதியும் முன்னோக்கி வழுகிப் பிடரியின் அடியிலுள்ள எலும்பு மேட்டில் ஏறி உட்காருகிறது. அம்மேட்டின் மேல் தசை மெல்லியது. அழுத்தத்தால் இரத்தவோட்டம் நின்று தோல் மரத்து, முதலில் ஒரு சூடான வீக்கமும், பின் உரிந்த புண்ணும், கவனியாவிடில் உள்ளே புரையோடிய சீழும் உண்டாகும். இவ்வீக்கம் தோன்றிய நாளிலேயே சேணம் வைப்பதை நிறுத்திவிட்டால் பத்து நாளில் குதிரை வேலைக்குத் திரும்பும். புரையோடிய பின்போ மாதக்கணக்காகும். மலைவாழை பயிரிடும் ஒரு விவசாயியின் இரண்டு குதிரைகளில் ஒன்று இவ்வாறு புண்பட்டபோது, அவர் மற்றதன் மேல் இருமடங்கு நடை வைத்தார். ஒரு மாதத்துக்குள் அதுவும் நொண்டிற்று. குலைகள் மரத்திலேயே பழுத்துக் குரங்குக்கும் பறவைக்கும் இரையாயின. குதிரைக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் நஷ்டத்தைவிட இது பன்மடங்கு பெரிது.

இதற்குத் தடுப்பு யாதெனில், மலைச்சேணத்துக்கு மார்வாரும் வால்வாரும் இரண்டும் இருத்தல் வேண்டும். ஏறும்போது பொதி பின்சரியாமல் மார்வாரும், இறங்கும்போது முன்சரியாமல் வாலடியில் செல்லும் வாரும் பிடிக்கும். நம்மவர் மார்வாரைத் தவறாமல் கட்டுகிறார்கள்; வால்வாரைக் கயிற்றால் ஒப்பேற்றுகிறார்கள். கயிறு வாலடியை அறுக்கும். பழந்துணி சுற்றிய தோல்வார் வைப்பதற்கு ஆகும் செலவு அற்பம். சேணத்தின் நடுவே முதுகெலும்பின் மேல் காற்றோடும் இடைவெளி விட்டு, இருபுறமும் சமமாக மெத்தையிட வேண்டும். வயிற்றுவாரை முழங்கைக்கு நான்கு விரற்கடை பின்னால் கட்டி, புறப்பட்டுக் கால்மணி நேரத்துக்குப் பின் ஒருமுறையும், இறக்கம் தொடங்குமுன் ஒருமுறையும் சரிபார்க்க வேண்டும். செங்குத்தான இடங்களில் சவாரி செய்வோரும் கீழிறங்கி நடப்பதே முறை.

பொதியின் அளவைப் பற்றிச் சட்டம் ஒன்று உண்டு. பொதி சுமக்கும் பிராணிகளுக்கென 1965-ல் வகுக்கப்பட்ட வதைத்தடுப்பு விதிகளின்படி மட்டக்குதிரையின் மேல் 70 கிலோவுக்கு மேலும், கோவேறு கழுதையின் மேல் 200 கிலோவுக்கு மேலும் ஏற்றலாகாது. ஆனால் 70 கிலோ என்பது உயர்ந்த வரம்பே. எல்லாக் குதிரைக்கும் ஏற்ற அளவு அன்று. குதிரையின் எடையை நூல்நாடா ஒன்றால் அறியலாம். முன்னங்காலை ஒட்டி நெஞ்சைச் சுற்றிய அளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோக்கணக்கில் எடை கிடைக்கும். நெஞ்சளவு 140, நீளம் 125 உள்ள குதிரை சுமார் 206 கிலோ இருக்கும். உடலெடையில் ஐந்திலொரு பங்கு எளிதில் தாங்கும். நான்கிலொரு பங்கைத் தாண்டினால் தசைகள் நோகத் தொடங்கும். ஆக, இக்குதிரைக்குச் சேணம் உட்பட 40 கிலோ நலம். 50 கிலோ எல்லை. கோடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு விடுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. பருத்த ஆள் ஒருவர் ஏறியமர்ந்தால் சட்டத்தின் வரம்பே மீறப்படக்கூடும். அதே விதிகள் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடையே ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்குவதைத் தடுக்கின்றன. சித்திரை, வைகாசிக் கூட்டத்தில் இது மறக்கப்படுகிறது.

இனிக் குளம்பு. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும் குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடத்தைப் புதிதாகப் பொருத்த வேண்டும். லாடம் தேயவில்லையே என்று நான்கு மாதம் விட்டுவைப்பதால் குளம்பின் முனை நீண்டு, இறக்கத்தில் கால் இடறி, பின்தசைநார் இழுபடும். லாடம் அடிப்போர் மலைப்பக்கம் அருகிவிட்டனர் என்பது மெய்யே. ஆதலின் ஐந்தாறு ஊர்க் குதிரைக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் அவரை வரவழைத்துக்கொள்வது சிக்கனம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டிலின் ஈரச்சேற்றில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடியிலுள்ள முக்கோணமான மெத்தென்ற பகுதி அழுகிக் கரியநீர் கசிந்து நாறும். நாள்தோறும் மாலையில் நான்கு குளம்பையும் தூக்கிக் கல்லையும் சாணத்தையும் சுரண்டி எடுப்பவனுக்கு இத்தொல்லை நேராது. இவ்வேலைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

ஆகாரத்தில் நம்மவர் கஞ்சத்தனம் செய்வதில்லை, விவேகம்தான் போதாது. கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை என்று பழமொழியே இருப்பதால், கொள்ளே குதிரையின் முழு உணவு என்று கருதிவிட்டார்கள். குதிரையின் இரைப்பை உடலளவுக்கு மிகச் சிறியது. அதன் குடலோ நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்தது. 200 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் நான்கு கிலோ தீவனம் வேண்டும். அதில் மூன்று பங்கு புல்லும் வைக்கோலுமாகவும், ஒரு பங்கே ஊறவைத்த அல்லது வேகவைத்த கொள்ளும் தானியமுமாகவும், அதுவும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்தும் இருத்தல் வேண்டும். தண்ணீரைத் தானியத்துக்கு முன் காட்டுக. ஒரு கைப்பிடி உப்பு வியர்வையால் இழந்ததை ஈடுசெய்யும்.

இங்கே மிராசுதாரர்கள் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. கறவை மாட்டுக்கென்று வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைக் குதிரைக்கும் போட்டு, மேலே தவிட்டையும் அள்ளி வைப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அப்புல்லில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாது. தவிட்டிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ் எஞ்சிய சுண்ணாம்பையும் பயன்படவிடாது. மாடு தன் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களால் இதைச் சமாளிக்கும், குதிரையால் இயலாது. நாளடைவில் எலும்பு நொய்ந்து, முகவெலும்பு உப்பி, காரணம் தெரியாத நொண்டல் ஏற்படும். இதற்கு மாற்று நம் மொழியிலேயே பெயரில் எழுதியிருக்கிறது. சுண்ணாம்புச் சத்து மிக்க அப்பயிரைக் குதிரைமசால் என்று நம் முன்னோர் அழைத்தது வீணன்று. வாரத்தில் சில நாளாவது அதைக் கலந்து கொடுப்பது நலம்.

மேல்மலைக் கிராமங்களாகிய பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கங்களில் கழிபட்ட காரட்டை நீளவாக்கில் நறுக்கிக் கொடுக்கலாம். முட்டைக்கோஸ் வயிற்றை உப்பச் செய்யும். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு நஞ்சு. பூண்டைத் தொடர்ந்து மிகுதியாகத் தின்றால் இரத்தம் குன்றும். மேய விடும்போது வேறொரு களையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மெக்சிகோவிலிருந்து வந்து, செந்நிறத் தண்டும் கொத்துக்கொத்தான வெண்பூக்களுமாகப் பழனி மலைச்சரிவெங்கும் பரவிவிட்ட ஏஜெராட்டினா என்னும் செடியை மாடு பெரும்பாலும் ஒதுக்கும்; குதிரையோ விரும்பித் தின்னும். அதனால் நுரையீரல் தடித்து, இருமலும் மூச்சிரைப்பும் உண்டாகிக் குதிரை ஏற்றத்துக்கு உதவாமற்போகும். இந்நோய் ஆஸ்திரேலியாவில் நன்கறியப்பட்டது. நம் பக்கத்தில் இதைச் சளி என்றே எண்ணிக் கஷாயம் கொடுத்துக் காலம் கழிக்கிறார்கள். பூசணம் பிடித்த வைக்கோலும் இவ்வாறே மார்பைக் கெடுக்கும்.

வேலையற்ற நாட்களிலும் ஆபத்து இல்லாமலில்லை. மழையில் ஒரு வாரம் கட்டிப்போட்ட குதிரைக்கு வழக்கமான கொள்ளை வைத்துவிட்டு, வானம் வெளுத்தவுடன் முழுப்பொதி ஏற்றினால், சற்று தூரத்திலேயே பின்னங்கால் விறைத்து நடக்கமாட்டாமல் நிற்கும். சிறுநீர் காப்பிநிறமாக இறங்கும். அவ்வேளையில் அடித்து ஓட்டினால் உயிருக்கே மோசம். நின்ற இடத்திலேயே பொதியை இறக்கிப் போர்வை போர்த்திக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைப்பதும், கையில் பிடித்துச் சற்று நடத்துவதும் இதைத் தடுக்கும்.

சூலைநோயில் குதிரை காலால் நிலத்தைப் பறித்து, விலாவைத் திரும்பிப் பார்த்துப் புரளும். குதிரைக்கு வாந்தியெடுக்க இயலாது. ஆகையால் உள்ளே தங்கிய வாயு இரைப்பையையே கிழித்துவிடக்கூடும். மூக்கு வழியாகவோ தலையை உயரத் தூக்கியோ எண்ணெய் புகட்டுவது நுரையீரலுக்குள் போய்க் கொல்லும் செயல். தீனியை எடுத்துவிட்டு மெல்ல நடத்தி, நாடி நிமிஷத்துக்கு 60-ஐத் தாண்டினால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். புண்பட்ட குதிரைக்கு இரணஜன்னித் தடுப்பூசி போட்டிருத்தல் அவசியம். அந்நோய்க்குக் குதிரையைப் போல் எளிதில் இரையாகும் பிராணி வேறில்லை.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். மூக்கில் ஒட்டும் தடித்த சளி, மூக்கினுள் புண், பின்னங்காலில் மணிமாலைபோல் வரிசையாகக் கட்டி ஆகியவை காணப்பட்டால் அது கிளாண்டர்ஸ் ஆக இருக்கலாம். 1899-லேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இப்போது 2009-ம் வருஷத்துத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட வேண்டிய வியாதி. மனிதருக்கும் தொற்றும். இதற்குக் குதிரைக்குச் சிகிச்சை செய்ய முற்படலாகாது. நோய் உறுதியானால் குதிரையை அழிக்க வேண்டும். சொந்தக்காரருக்கு அரசுத் திட்டப்படி இழப்பீடு உண்டு. இழப்பீடு உண்டென்பதை ஊராருக்குத் தெரிவித்தாலன்றி, நோயுற்ற குதிரையை இரவோடிரவாக அடுத்த ஊரில் விற்றுவிடும் வழக்கம் ஒழியாது. அடிவாரத்தில் ஈ மிகுந்த காலத்தில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும், வயிற்றடி வீக்கமும், நன்றாகத் தின்றும் இளைத்தலும் சர்ராவின் அறிகுறி. 1880-ல் கிரிஃபித் எவான்ஸ் என்பவர் குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் இதன் கிருமியைக் கண்டார். இதற்கு மருந்துண்டு, இரத்தப் பரிசோதனை செய்து காலத்தில் கொடுத்தால் பிழைக்கும்.

ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்கச் செல்வோர், அங்கு கண்ணைக் கவரும் நெடிய மார்வாரி, கத்தியவார்க் குதிரைகளை மலைப்பொதிக்கென்று வாங்க வேண்டாம். குட்டையான, நெஞ்சகன்ற, குளம்பு கறுத்துத் திண்மையான மட்டக்குதிரையே நமக்கு ஏற்றது. ஐந்து வயதில்தான் முன்வாயின் ஓரப்பற்கள் மாறி முடியும். அவை மாறாததை முழுப்பொதிக்கு உட்படுத்தலாகாது. பேரம் பேசுமுன் சேணத்தை எடுக்கச் சொல்லி, முதுகில் வெள்ளைமயிர்த் திட்டுக்கள் உள்ளனவா என்று பாருங்கள். அவை பழைய புண்ணின் வடுக்கள். பின்னர்ச் சரிவொன்றில் இறக்கி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிவந்த குதிரையை மூன்று வாரம் தனிக்கொட்டிலில், தனித் தொட்டியில் தண்ணீர் காட்டி வைத்திருந்து, இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின் மற்றவற்றோடு சேர்க்கலாம்.