ழகரத்திற்கு விசை எங்கே? விசைக் கைப்பேசியும் தமிழ் எழுத்தும்

கண்ணாடித் திரையைத் தொட்டெழுதும் திறன்பேசியை ஒதுக்கிவிட்டு, அமுக்கினால் இறங்கி எழும் விசைகளைக் கொண்ட கைப்பேசிக்கு மாறுவோர் சிலர் அண்மைக் காலத்தில் தோன்றியுள்ளனர். எழுதும்போது விரல் எங்கே நிற்கிறது என்பதை விரலே உணர்கிறது. கண் திரையிலுள்ள சொல்லை மட்டும் பார்த்தால் போதும். பிழைகள் குறைகின்றன, கைப்பேசியை வீணாகத் தடவிக்கொண்டிருக்கும் பழக்கமும் குறைகிறது. அவர்கள் கூறும் காரணங்கள் இவை. 2007இல் ஐபோன் வெளிவருவதற்கு முன் அலுவலர் கைகளில் பெரிதும் காணப்பட்ட பிளாக்பெர்ரி, இவ்வகைக் கருவிகளுக்கு முன்மாதிரி. அதன் பழைய இயங்குதளக் கருவிகளுக்கான சேவைகள் 2022 சனவரி 4ஆம் நாள் நிறுத்தப்பட்டன. ஆயினும் விசையின்மேல் உள்ள விருப்பம் அத்துடன் முடிந்துவிடவில்லை. யூனிஹெர்ட்ஸ் என்னும் நிறுவனம் டைட்டன் என்ற பெயரில் விசைக் கைப்பேசிகளை வெளியிட்டது. 2024இல் ஐபோனுக்கு உறைபோல மாட்டிக்கொள்ளும் கிளிக்ஸ் என்னும் விசைப்பலகையும் வந்தது.

இக்கருவிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம் எழுதுவோரின் பேச்சாகவே இருக்கிறது. தமிழ் எழுதும் ஒருவர் இவ்வாறு மாறினால் அவருடைய எழுத்துக்கு என்ன நேரும்? இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது அதனை மட்டுமே.

இவ்வினாவுக்கு நம் வட்டாரத்தில் தனி முக்கியத்துவம் உண்டு. மலாக்கா மாநிலத்தின் வட எல்லையில், அலோர் காஜா மாவட்டத்தில் உள்ளது புலாவ் செபாங். பெயரில் 'தீவு' என்னும் மலாய்ச் சொல் இருக்கிறது. சுற்றிலும் கடல் இல்லை. எல்லைக்கு அப்பாலுள்ள தம்பினோடு பெயரைப் பகிர்ந்துகொள்ளும் தொடர்வண்டி நிலையம் ஒன்று உண்டு. இரப்பர்த் தோட்டங்களிலிருந்து சிறு நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் இப்பக்கத்தில் பல. பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயில்கின்றனர். பின்னர் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதுவும் சில பள்ளிகளில் கால அட்டவணைக்கு வெளியே, பிள்ளைகள் களைத்திருக்கும் வேளையில் நடைபெறுகிறது. அம்மாணவர் நாள்தோறும் தம் விருப்பத்தின்பேரில் எதையாவது எழுதும் இடம் குறிப்பேடு அன்று, புலனக் குழுவே. அங்கே அவர் எழுதுவது தமிழ்ச் சொற்களாயினும், எழுத்து பெரும்பாலும் உரோமன். ஆசிரியர் தமிழில் விடுக்கும் அறிவிப்புக்குப் பெற்றோர் உரோமன் எழுத்தில் மறுமொழி தருவதும் வழக்கமாகிவிட்டது. ஆகவே கைப்பேசியின் உள்ளீட்டு முறை இங்கே வெறும் வசதி பற்றிய செய்தியன்று. பன்னிரண்டு வயதுக்குப் பின் ஒரு பிள்ளை தமிழ் எழுத்தைத் தொடுமா என்பதை அது பெருமளவு முடிவு செய்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விசைக் கைப்பேசியின் பொற்காலம் என்று பிறர் ஏங்கும் காலம் தமிழுக்குப் பொற்காலமாக இருந்ததில்லை. அக்காலக் கருவிகளின் விசைமுகப்பில் பொறிக்கப்பட்டிருந்தது பெரும்பாலும் உரோமன் எழுத்தே. தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு இடமும் குறைவு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 குறிகள் கொள்ளும். ஒருங்குறித் தமிழானால் 70 மட்டுமே. அந்த 70இலும் 'தமிழ்' என்னும் ஒரு சொல்லே ஐந்தை எடுத்துக்கொள்ளும்: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. இத்தடைகளுக்கு இடையிலும் மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமாகி, எண்விசைக் கைப்பேசிகளில் தமிழ்ச் செய்தி எழுத வழிசெய்தது.

பின்னர் வந்த கண்ணாடித் திரையில் விசை என்பது ஒரு படம். படத்தில் எவ்வெழுத்தையும் வரையலாம். வேண்டாதபோது அழித்து வேறொன்றை வரையலாம். முகப்பில் தமிழெழுத்தே தெரியும் பலகை எளிய மக்களின் கைக்கு வந்தது தொடுதிரையால்தான். இந்நன்றியை மறந்து விசையைப் புகழ்தல் முறையாகாது.

ஆயினும் திரை ஒன்றைக் கொடுத்தபோது மற்றொன்றை மெல்ல வாங்கிக்கொண்டது. திரைப்பலகைகள் முன்கணிப்போடு வருகின்றன. நாம் இரண்டு எழுத்தைத் தட்டுவதற்குள் மூன்று சொற்களை அது நீட்டுகிறது. ஒலிபெயர்ப்பு முறையில் இது இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. பி, ஏ, எல், எல், ஐ என்று மாணவர் தட்டுகிறார். 'பள்ளி', 'பல்லி' என்னும் இரண்டும் எதிரே நிற்கின்றன. முதலில் நிற்பதை விரல் தொடுகிறது. லகரமா ளகரமா என்று எண்ணிப் பார்க்கும் கணம் அங்கே இல்லை. மனம், மணம், அரை, அறை, கரி, கறி போன்ற இணைகள் யாவும் இவ்வாறே கடந்துபோகின்றன. இரண்டும் அகராதியில் உள்ள சொற்களாதலால் பிழைதிருத்தியும் வாய் திறப்பதில்லை. திரையில் சரியான தமிழைக் கண்டு ஆசிரியர் மகிழலாம். அம்மாணவரே தேர்வுத்தாளில் பேனாவால் எழுதும்போதுதான் உண்மை வெளிப்படும்.

விசைக்கு மாறினால் இந்நிலை மாறுமா? மாறலாம்; ஆனால் விசை மட்டும் அதனை மாற்றாது. விசையின்மேல் எந்தத் தளக்கோலம் ஏற்றப்படுகிறது என்பதே முடிவு செய்வது. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

தட்டச்சுப் பொறியைத் தமிழுக்கு இசைவித்தவர்களில் முதன்மையாகப் போற்றப்படுபவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா. தமிழின் 247 எழுத்துகளை ஒரு சிறு பொறிக்குள் அடக்குவது அவர் எதிர்கொண்ட சிக்கல். எழுத்தை உறுப்புகளாகப் பிரித்து, தாளை நகர்த்தாமல் அச்சிடும் விசைகளையும் சேர்த்து அதனைத் தீர்த்தனர். ஆனால் பொறி அறிந்தது எழுத்தின் வடிவத்தை மட்டுமே. 'கொ' என்று அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, பின்னர்க் ககரம், அதன்பின் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்க வேண்டும். வாயில் முதலில் ஒலிப்பது ககர மெய். தாளில் முதலில் விழுவது கொம்பு.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டின் வழி உருவாகி, அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசின் ஏற்பைப் பெற்ற தமிழ்99 தளக்கோலம் இவ்வரிசையைத் திருப்பியது. முதலில் மெய், பின்னர் உயிர். ககர விசை, அடுத்து ஒகர விசை, 'கொ' தோன்றிவிடும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று தொல்காப்பியம் வகுத்த முறை இதுவே. வகுப்பில் 'க் + ஒ = கொ' என்று கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஆசிரியர், தாம் அறியாமலே தமிழ்99 கற்பிக்கிறார் என்று சொல்லத் தோன்றுகிறது.

இத்தளக்கோலத்தில் உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு உரியவை. மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு உரியவை. வகரமும் ஙகரமும் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கியுள்ளன. ஆகவே எழுதும்போது கைகள் மாறிமாறி இயங்குகின்றன. சில இடங்களில் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டு. முதல் மகரம் தானாகவே மெய்யாகும். 'பள்ளி'க்கும் நான்கே. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே: ங, க என்று தட்டினால் 'ங்க'. இரட்டிக்காமல் ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் சொல்லுக்கு இடையில் அகரம் தட்ட வேண்டும். 'பப்பாளி'யைத் தொடங்கும்போது ப, அ, ப, ப என்று செல்வது இதனால்தான். இன்னொரு சிறு செய்தி: சாதாரண விசைப்பலகைகளில் எஃப் விசையின்மேலும் ஜே விசையின்மேலும் தடவியறியச் சிறு மேடு இருக்கும். தமிழ்99இல் எஃப் இருக்குமிடம் புள்ளி, ஜே இருக்குமிடம் பகரம். பலகையைப் பாராமலே இடச் சுட்டுவிரல் புள்ளியைக் கண்டுகொள்ளும். கண்ணாடியில் இது இயலாது.

இவ்வளவு பொருத்தமான தளக்கோலத்தை விசைக் கைப்பேசியில் ஏற்றினால் நன்றாக இருக்குமே என்று நாமும் எண்ணினோம். எண்ணிப் பார்த்தபோதுதான் இடர் புலப்பட்டது. தமிழ்99க்கு உயிர் 12, மெய் 18, புள்ளி 1 என 31 விசைகள் தேவை. பிளாக்பெர்ரி வழியில் வரும் சிறு பலகையில் எழுத்து விசைகள் மேல்வரிசையில் 10, நடுவில் 9, கீழே 7, மொத்தம் 26. கணினிப் பலகையில் வலக்கையோரம் நிறுத்தக்குறிகளுக்கென இருக்கும் விசைகள் இச்சிறு பலகையில் இல்லை. தமிழ்99 அவ்விசைகளில் வைத்திருக்கும் எழுத்துகள் ஐந்து: ச, ஞ, ந, ய, ழ. பன்னிரண்டு உயிரும் புள்ளியும் பதின்மூன்று மெய்யும் 26 விசைகளில் சரியாக நிரம்பிவிடுகின்றன. இவ்வைந்தும் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. 'நான்' என்று தொடங்க முடியாது. 'யார்' என்று வினவ முடியாது. 'தமிழ்' என்று எழுத ழகரம் இல்லை. ஆங்கிலத்திற்கு அளந்து தைத்த சட்டையைத் தமிழுக்கு அணிவித்தால் எங்கே பிடிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

இந்நிலையில் 26 விசைக் கருவிக்குக் கைகொடுப்பது மற்றொரு முறை. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள்வழி பரவிய அஞ்சல் தளக்கோலத்தில் உரோமன் விசைகளின் ஒலியைக்கொண்டு தமிழ் எழுதுகிறோம். உரோமன் என்றவுடன் சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பர். நாமும் ஒருகால் அவ்வாறே எண்ணியதுண்டு. ஆனால் இதனையும் முன்கணிக்கும் ஒலிபெயர்ப்பையும் ஒன்றாக எண்ணுதல் பிழை. அஞ்சல் முறை ஊகிப்பதில்லை. எல் என்னும் சிறிய எழுத்து லகரம், பெரிய எழுத்து ளகரம், இசட் ழகரம். 'பள்ளி' வேண்டுமாயின் பெரிய எழுத்தைத் தேர்ந்தே தட்ட வேண்டும். எந்த லகரம் என்று தீர்மானிப்பவர் எழுதுபவரே. பிழையானால் அப்பிழை அவருடையது. கண்டு திருத்திக்கொள்வதும் அவருடைய கற்றல். விசை தமிழெழுத்தா உரோமனா என்பதைவிட, எழுத்தைத் தீர்மானிப்பது கையா கருவியா என்பதே மாணவருக்குப் பெரிய வேறுபாடு.

ஆகவே மாற விரும்பும் ஆசிரியரும் மாணவரும் வாங்குமுன் சில செய்திகளைக் கவனித்தல் நலம். சிறு விசைகள் ஒட்டிய கைப்பேசியானால் அஞ்சல் முறை அதில் இயங்குகிறதா என்று கடையிலேயே தட்டிப் பார்க்க வேண்டும். தமிழ் உள்ளீட்டுச் செயலிகளுள் சில, திரையில் தாம் வரைந்த விசைகளை மட்டுமே அறியும். உண்மை விசையை அமுக்கினால் ஆங்கிலமே விழும். அதனை அறியாமல் வாங்கியவர் இரண்டே நாளில் மீண்டும் உரோமன் தமிழுக்குத் திரும்பிவிடுவார். தமிழ்99 வேண்டுவோர்க்கு இருக்கும் கைப்பேசியே போதும். புளூடூத் வழி இணையும் முழு விசைப்பலகை ஒன்றை வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் 31 விசைக்கும் இடமுண்டு. ஐபோனின் அமைப்பில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளன. ஆண்டிராய்டில் செயலியைப் பொறுத்தது. விசைமுகப்பில் தமிழ் இல்லையே என்னும் குறையை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டித் தீர்க்கலாம். ஓரிரு வாரங்களில் விரல் பழகியபின் அது உரிந்து போனாலும் கவலையில்லை. இவற்றுள் எதற்கும் பணமில்லையெனின், திரைப்பலகையிலேயே முன்கணிப்பை அணைத்துவிட்டுத் தமிழ்99ஐத் தேர்ந்தெடுக்கலாம். விசையின் தொடுவுணர்வு கிட்டாது; எழுத்தைத் தேர்வு செய்யும் பொறுப்பு மட்டும் கைக்குத் திரும்பிவிடும்.

வகுப்பில் செய்யத்தக்க சிறு பயிற்சி ஒன்றுண்டு. பள்ளி, பல்லி, வாழை, வாளை, மனம், மணம் போன்ற சொற்களை ஆசிரியர் வாயால் சொல்ல, மாணவர் முன்கணிப்பு அணைத்த கைப்பேசியில் எழுதிக் காட்ட வேண்டும். அதன்பின் முன்கணிப்பை இயக்கி அதே சொற்களை மீண்டும் எழுத வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எச்சொற்களைத் தாம் அறிவோம், எவற்றைக் கருவி அறியும் என்பது மாணவர் கண்ணுக்கே புலப்படும்.

வாசலில் நிற்கும் ஐந்து எழுத்துகளின் செய்தி இன்னும் எஞ்சியுள்ளது. மாற்றுவிசையோடு சேர்த்து ளகரத்தின்மேல் ழகரத்தையும், னகரத்தின்மேல் நகரத்தையும் ஏற்றலாம். சகரம், ஞகரம், யகரத்திற்கும் அவ்வாறே இடம் காணலாம். ஆனால் ஒரு நிறுவனம் ஓரிடத்திலும் மற்றொன்று வேறிடத்திலும் வைத்தால் விரலுக்கு நினைவு ஏற்படாது. முழுப் பலகைக்கு 1999இல் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. நாம் தொட்டுப் பார்த்த சிறு பலகைக் கருவிகளில் அத்தகைய உடன்பாடு எதனையும் காணவில்லை.